3, 4, 5 பக்க முக்கோணத்துக்குப் பரப்பளவு 28726 வருகிறது. வர்க்கமூல ஃபங்ஷனில் கோளாறா?

கேள்வி

வணக்கம். மூன்று பக்க அளவுகளைக் கொடுத்தால் முக்கோணத்தின் பரப்பளவைச் சொல்லும் ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம்தான். மூன்று பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வந்த மூன்றையும் அரைச்சுற்றளவோடு பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதற்கு மேத்.எஸ்க்யூஆர்டி பயன்படுத்துகிறேன்.

3, 4, 5 கொடுத்தால் 6 வர வேண்டும். 28726.77 வருகிறது. காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், சூத்திரம் சரி. கன்சோலில் தனியாக 36-க்கு வர்க்கமூலம் கேட்டால் 6 என்று ஒழுங்காகச் சொல்கிறது. பக்கத்துக்குள் வந்தால்தான் இப்படி. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பெட்டியில் இருப்பதை டாட் வேல்யூ போட்டு எடுக்கிறேன். இந்த ஃபங்ஷனுக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

பதில் 1

டாட் வேல்யூ தருவது எண் இல்லை, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். மூன்றையும் நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டு மாற்றிவிட்டுக் கூட்டுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் காரணம் புரியாமல் மாற்றினால் அடுத்த பக்கத்தில் இதே இடத்தில் மறுபடி மாட்டுவீர்கள். அதனால் அந்த 28726.77 எங்கிருந்து வந்தது என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன்.

ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. எண் என்றால் கூட்டும், ஸ்ட்ரிங் என்றால் ஒட்டும். உங்கள் '3', '4', '5' மூன்றும் ஒட்டிக்கொண்டு '345' ஆகிவிட்டன. வகுத்தலுக்கு ஒட்டத் தெரியாது. எனவே '345'-ஐத் தானாகவே எண்ணாக்கி, பாதி 172.5 என்றது. அப்புறம் கழித்தல்: 169.5, 168.5, 167.5. இந்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதே 28726.77 வரும். ஃபங்ஷன் தன்னிடம் வந்த எண்ணுக்குச் சரியான விடையைத்தான் கொடுத்திருக்கிறது.

கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாமே ஸ்ட்ரிங்கை எண்ணாக்கிக்கொள்ளும். '16' என்ற ஸ்ட்ரிங்கை மேத்.எஸ்க்யூஆர்டியிடம் கொடுத்தாலும் 4 வரும். கூட்டல் மட்டும் அப்படி இல்லை. உங்கள் சூத்திரத்தில் மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடி, கூட்டும் ஒரே வரி கெடுத்ததும் பிழைச்செய்தி வராததும் இதனால்தான். வர்க்கமூலம் கடைசிப் படி, அதனால் சந்தேகம் அதன்மேல் போகிறது. அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். கணினிகள் தசம எண்களைக் கணக்கிட வேண்டிய முறையைச் சொல்லும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம் வர்க்கமூலத்தையும் கூட்டல், பெருக்கலோடு சேர்த்து அடிப்படைச் செயலாக வைத்து, மிக நெருங்கிய எண்ணையே விடையாகத் தர வேண்டும் என்கிறது. இன்றைய பிராசசர்களில் அதற்கென்றே தனிக் கட்டளை உண்டு.

நம்பர் ஃபங்ஷனில் ஒன்றைக் கவனியுங்கள். காலிப் பெட்டியை அது 0 ஆக்கிவிடும். 5, 5 கொடுத்து மூன்றாவதை நிரப்பாமல் விட்டால், பரப்பளவு 0 என்று விடை போலவே காட்டும். பெட்டியின் டைப் நம்பர் என்றால் வேல்யூஆஸ்நம்பர் எடுங்கள். காலியாக இருந்தால் நேன் ('எண் அல்ல' என்ற மதிப்பு) தரும், நீங்கள் பிடித்துவிடலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி, 6 வந்துவிட்டது! அரைச்சுற்றளவைக் கன்சோலில் போட்டிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. 1, 2, 5 கொடுத்தால் நேன் வருகிறது. விடை நேனுக்குச் சமமா என்று இஃப் போட்டுப் பார்த்தேன், அந்த இஃபுக்குள் போகவே மாட்டேன் என்கிறது.

பதில் 2

1, 2, 5-க்கு முக்கோணமே கிடையாது. இரண்டு சிறிய பக்கங்களைச் சேர்த்தாலும் 3தான், 5-ஐ எட்டாது. சூத்திரத்தில் போட்டால் 4 × 3 × 2 × −1, அதாவது −24. குறை எண்ணுக்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் இல்லை, அதனால் நேன்.

நேன் தனக்குத்தானே சமம் ஆகாது. அது மொழியின் விதி. நம்பர்.இஸ்நேன் கொண்டு சோதியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் இப்படி வந்த நேனைச் சோதிக்காமல் ஜேசனாக்கி (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) சர்வருக்கு அனுப்பினார்கள். ஜேசனில் நேன் கிடையாது, அது நல், அதாவது வெற்று மதிப்பு, ஆகிவிடும். அட்டவணையில் அங்கங்கே காலிக் கட்டங்கள். சர்வர் பக்கம் இரண்டு நாள் தேடினோம், தவறு பிரவுசரில் இருந்தது.

ஆனால் நேனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். −3, −4, −5 கொடுத்துப் பாருங்கள். −6 × −3 × −2 × −1 = 36, விடை 6 என்று அழகாக வரும். வர்க்கமூலத்துக்குப் போகும் முன்பே மூன்றும் 0-ஐவிடப் பெரியவையா, எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட அதிகமா என்று பார்த்துவிடுங்கள்.

பதில் 3

ஊசி போல மெலிந்த முக்கோணங்கள் வரும் என்றால் ஹெரான் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது இலக்கங்கள் தொலைந்துவிடும். ஐஇஇஇ 754-ஐ வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான வில்லியம் கஹான் இதற்கு ஒரு வடிவம் தந்திருக்கிறார். பக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அ, ஆ, இ என்று அடுக்குங்கள். அ + (ஆ + இ), இ − (அ − ஆ), இ + (அ − ஆ), அ + (ஆ − இ) நான்கையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 4-ஆல் வகுக்க வேண்டும். அடைப்புக்குறிகளை எடுத்துவிடக் கூடாது, கணக்கு நடக்கும் வரிசையில்தான் துல்லியமே இருக்கிறது. உங்கள் முக்கோணத்துக்கு 12 × 2 × 4 × 6 = 576, வர்க்கமூலம் 24, நான்கில் ஒன்று 6.

கேட்டவர்

−3, −4, −5 போட்டேன், உண்மையிலேயே 6 வந்தது. சோதனைகளை முன்னால் வைத்துவிட்டேன். இப்போது 1, 2, 5-க்கு 'இந்த அளவுகளில் முக்கோணம் அமையாது' என்று வருகிறது. அடுத்து கஹான் வடிவத்தை எழுதிப் பார்க்கிறேன்.