ஒரே ஆட்டத்தில் இரண்டு கணிப்புகள்: விகிதங்களைப் பெருக்கலாமா?

கேள்வி: கால்பந்து ஆட்டம் ஒன்றில் அணி வெல்ல பந்தய விகிதம் 2.00 (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் இரண்டு ரூபாய் கிடைக்கும்), அதன் முன்கள வீரர் கோல் அடிக்க 2.50. பெருக்கினால் 5.00. ஆனால் இரண்டும் நடந்தால்தான் பணம் என்ற கூட்டுப் பந்தயத்தில் பந்தய நிறுவனத்தார் 3.20தான் தருகிறார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை நண்பரே. ஒன்றையொன்று பாதிக்காத முடிவுகளுக்குத்தான் பெருக்கல் செல்லும். வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்லும்போது அவர் கோல் அடிக்கும் வாய்ப்பு 60 சதவீதமாக உயர்ந்தால், இரண்டும் சேர்ந்து 30 சதவீதம். நியாயமான விகிதம் 1 ÷ 0.30 = 3.33. அதற்கும் 3.20க்கும் உள்ள வித்தியாசம் நிறுவனத்தாரின் லாபம்.

மற்றொருவர்: எதிர்த்திசையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை! ‘மூன்று கோலுக்குக் குறைவு’, ‘இரு அணிகளும் கோல் அடிக்கும்’ இரண்டையும் சேர்த்தால் 1-1 மட்டுமே மிஞ்சும். ஒன்று நடந்தால் மற்றது நடக்கும் வாய்ப்பு குறைவதால், நியாயமான விகிதம் பெருக்கி வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

கேட்டவர்: வெவ்வேறு ஆட்டங்கள் என்றால்?

பதில்: பெரும்பாலும் பெருக்கலாம். ஆனால் ஒவ்வொரு விகிதத்திலும் ஒளிந்திருக்கும் அவர்கள் லாபமும் சேர்ந்தே பெருகும்.