ஸ்னீக் அட்டாக்: டர்னுக்கு ஒருதடவையா, ரவுண்டுக்கு ஒருதடவையா?

இருபதுமுகன்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதைப்பாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). எங்கள் ரோக் (பதுங்கி அடிக்கும் பாத்திரம், ஏழாம் லெவல்) தான் ஆடும் நேரமான டர்னில் ஒரு ஓகரை (ராட்சத அரக்கன்) குத்தி ஸ்னீக் அட்டாக் (பதுங்கல் அடி) தரும் கூடுதல் சேதப் பகடைகளை உருட்டினார். அடுத்து ஓகரின் டர்ன். அது அவரை விட்டு விலகப் பார்த்தது. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகும் எதிரியை அப்போதே அடிப்பது) பட்டதும் மறுபடியும் அதே நான்கு பகடைகளைக் கையில் எடுக்கிறார்! "டர்னுக்கு ஒருதடவைதானே, இது ஓகரின் டர்ன்" என்கிறார். மறுத்துவிட்டேன். ஒரு ரவுண்டே (எல்லோருக்கும் ஒரு டர்ன் முடியும் சுற்று) சுமார் ஆறு வினாடிதான். அதற்குள் இரண்டு பதுங்கல் அடியா?

இருட்டுக்கத்தி:
ரோக் சொல்வதுதான் சரி. "டர்னுக்கு ஒருதடவை" என்றுதான் விதியில் இருக்கிறது, யாருடைய டர்ன் என்று இல்லை. அதே நூலில் கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்தின் அடிக்குக் கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்ட்ரைக்கைப் பாருங்கள். அங்கே "உன்னுடைய ஒவ்வொரு டர்னிலும் ஒருதடவை" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். கட்டுப்படுத்த நினைத்த இடத்தில் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள்தான்.

வாளேந்தி:
எழுத்தைப் பிடித்துத் தொங்குவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? நான்கு ஆறுமுகப் பகடைக்குச் சராசரி சேதம் 14. என் ஃபைட்டர் (போர்வீரர்) முன்னால் நின்று அடி வாங்க வேண்டும், இவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று ரவுண்டுக்கு 28 கூடுதலாக அள்ளுவாரா? எழுதியவர்கள் மனதில் இருந்தது ரவுண்டுதான் என்பது என் கட்சி.

ஆறுமுகப்பகடை:
மனதில் இருந்ததைப் பழைய பதிப்புகளை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். மூன்றாம் பதிப்பில் இந்த வரம்பே கிடையாது, தகுதியுள்ள ஒவ்வொரு அடிக்கும் பகடை உண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பு ரவுண்டுக்கு ஒருதடவை என்றது. ஐந்தாம் பதிப்பில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாமே? போடவில்லை.

இதில் தமிழும் காலை வாருகிறது. டர்ன் என்றாலும் முறை, தடவை என்றாலும் முறை. "முறைக்கு ஒருமுறை" என்று சொல்லிப் பாருங்கள், சண்டை வராமல் என்ன செய்யும்? எங்கள் மேசையில் "டர்ன்" என்றே வைத்துக்கொண்டோம்.

இருபதுமுகன்:
சரி, வார்த்தையில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலகிப் போகும் ஓகர் மீது ஸ்னீக் அட்டாக்கின் நிபந்தனை எப்படிப் பொருந்தும்? ரோக்குக்கு அட்வான்டேஜ் (பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுக்கும் சாதகம்) இல்லையே.

இருட்டுக்கத்தி:
ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், ரோக்குக்கு எட்டும் தூரத்தை ஓகர் தாண்டுவதற்குச் சற்று முன்பே விழுகிறது. அந்த நொடியில் ஃபைட்டர் ஓகரிலிருந்து 5 அடிக்குள் நின்றால் போதும், ரோக்குக்கு டிஸ்அட்வான்டேஜ் (அதற்கு நேர்மாறான பாதகம்) இல்லாதவரை. ஒன்று கவனியுங்கள்: கைகலப்பு ஆயுதம் வேண்டும். வில்லோடு நிற்பவருக்கு இந்த வாய்ப்பே இல்லை.

வாளேந்தி:
அப்படியென்றால் ஆறு பேர் சண்டையில் ஆறு ஸ்னீக் அட்டாக்கா?

ஆறுமுகப்பகடை:
ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்குக்கு ரியாக்ஷன் (எதிர்வினை வாய்ப்பு) செலவாகும், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி ஆறு? அதைச் செலவழித்தால் தன் அடுத்த டர்ன் தொடங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். ஆக, அதிகபட்சம் இரண்டு. தன் டர்னில் இரண்டு கத்தியால் குத்தினாலும் இரண்டாவதற்குப் பகடை இல்லை. வரம்பு தடுப்பது அதைத்தான். உங்கள் ஃபைட்டர் பேட்டில் மாஸ்டர் (ஃபைட்டரில் ஒரு வகை) என்றால் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என்ற உத்தியை எடுத்து, உங்கள் தாக்குதல் ஒன்றை விட்டுக்கொடுத்து, ரோக்கை அந்த ரியாக்ஷனால் உங்கள் டர்னிலேயே அடிக்கவைக்கலாம். கூடுதலாக உங்கள் சுப்பீரியாரிட்டி பகடையும் (பேட்டில் மாஸ்டரின் சிறப்புப் பகடை) அந்த அடியில் சேரும். பொறாமைப்படுவதை விட இது லாபம்.

ரியாக்ஷனுக்கு வேறு வேலையும் உண்டு. ஐந்தாம் லெவலில் வரும் அன்கேனி டாட்ஜுக்கும் (பட்ட அடியைப் பாதியாக்கும் திறன்) அதே ரியாக்ஷன்தான். விலகும் ஓகரைக் குத்திவிட்டால், அடுத்து விழும் அடியைப் பாதியாக்க முடியாது. ஓகரின் தடி சராசரியாக 13 எடுக்கும், முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபதுமுகன்:
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அனுமதித்துவிடுகிறேன். இனி ஓகர்கள் ஜோடியாக வருவார்கள். ஒன்று விலகும், ரோக் ரியாக்ஷனைச் செலவழித்ததும் மற்றது தடியைத் தூக்கும்.

நிழல்நடை:
நான்தான் அந்த ரோக். பேசாமல் ஒரு ஸ்னீக் அட்டாக்கோடு நிறுத்தியிருக்கலாம்.