அடுக்குமாடிப் பையன்களைக் குண்டர் கும்பல் எந்த வழியில் பிடிக்கிறது? சட்டம் எங்கே பாய்கிறது?

செந்தூல்_குடியிருப்பாளர்

வணக்கம். கோலாலம்பூர், செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கத்துக்காகக் கேட்கிறேன். 13 முதல் 17 வயதுப் பையன்களைக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பெரிய பையன்கள் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஓசிச் சாப்பாடு, புதுக் கைப்பேசி, வாட்சப் படத்தில் கும்பலின் பெயராக ஓர் எண். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 எல்லாம் அதில் இருந்தன. பட்டியல் வந்தும் பிடி தளரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்: பையன் எந்தக் கட்டத்தில் மாட்டுகிறான், போலீஸ் பிடித்தால் முதல் நாள் என்ன செய்வது? பொதுவான அறிவுரை போதும் போதும் என்றாகிவிட்டது, நடைமுறை சொல்லுங்கள்.

கோர்ட்_குமாஸ்தா

"அவன் ஒன்றும் செய்யவில்லை, பேர் மட்டும்தான் கொடுத்தான்" என்று பெற்றோர் சொல்வார்கள். பேர் கொடுப்பதே குற்றம். 1966 சங்கங்கள் சட்டம், 43ஆம் பிரிவு: சட்டவிரோதக் கும்பலில் உறுப்பினராக இருந்தாலே 3 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடக் கடுமையானது தண்டனைச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 130வி பிரிவு. ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக் கும்பலின் உறுப்பினர் என்று நிரூபணமானால் 5 முதல் 20 ஆண்டு சிறை. இந்தப் பிரிவில் விசாரித்தால் சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் வந்துவிடும்: 28 நாள் வரை காவல், வழக்கறிஞரைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் தள்ளிப்போடலாம்.

சாதாரணத் தடுப்புக்காவல் வேறு. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். தண்டனை 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் முதலில் 7 நாள், மறுபடி 7. எனவே நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியது "எந்தப் பிரிவு?" என்பதுதான். விசாரணை அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

18 வயது ஆகாதவனைப் பிடித்தால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும் என்கிறது 2001 சிறார் சட்டத்தின் 87ஆம் பிரிவு. பிறப்புப் பத்திரம், பள்ளிக் கடிதம், மருந்து இருந்தால் மருந்துச் சீட்டு, மூன்றையும் எடுத்துப் போங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே. அதனால் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்துக்கு அன்று இரவே அழைக்க வேண்டும். கைது, தடுப்புக்காவல் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் போலீஸ் எடுக்கும் வாக்குமூலத்தில், தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். இதைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லாம் கெடுவது இங்கேதான்: பெற்றோர் பயந்து நிற்கும்போது ஓர் "அண்ணன்" வந்து "லாயரை நான் வைக்கிறேன்" என்பார். வேண்டவே வேண்டாம். வழக்கு எப்படிப் போக வேண்டும் என்று பணம் கட்டியவர் சொல்லத் தொடங்குவார், பையன் வெளியே வந்ததும் அந்தக் கடனைக் கழிக்க வேலை வரும்.

பந்தாய்_டாலாம்_இளைஞர்

மேலே சொன்ன கடன், கைதுக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடும். முதலில் யாரும் "சேர்" என்று கேட்பதில்லை. சாப்பாடு வாங்கித் தருவார்கள், மோட்டாரைச் சுற்றக் கொடுப்பார்கள், பள்ளியில் அடித்தவனை மிரட்டி வைப்பார்கள். பிறகு சின்ன வேலை: இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வா, வாசலில் நின்று பார், டேபிள் டாக்குக்கு (இரு கும்பல்கள் தகராறைப் பேசித் தீர்க்க உட்காரும் கூட்டம்) ஆள் குறைகிறது, வந்து பின்னால் நில். டேபிள் டாக்கில் ஒருமுறை நின்றவனை எதிர்க்கும்பல் முகம் பார்த்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பயமே அவனை உள்ளே வைத்திருக்கும்.

இப்போது பரவலாக நடப்பது வங்கி அட்டை. "உன் கார்டையும் பின் எண்ணையும் ஒரு மாதம் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், மாட்டுவது கணக்கின் சொந்தக்காரன். தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரை இதற்கென்றே 2024-இல் சேர்த்தார்கள். அட்டையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அன்றைக்கே வங்கியில் முடக்கி, போலீஸில் புகார் கொடுங்கள். பணம் போய் வந்த பிறகு "தெரியாது" என்றால் எடுபடாது.

பையனை ஊரிலுள்ள மாமா வீட்டுக்கு அனுப்புவது தனியாகப் பலன் தராது, கைப்பேசியும் கூடவே போகிறதே. எண்ணை மாற்றுங்கள், குழுக்களிலிருந்து எடுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும், அந்தப் பள்ளிக்கு நியமித்த போலீஸ் தொடர்பு அதிகாரியிடமும் ஒரே வாரத்தில் பேசுங்கள்.

தண்ணீர்மலை

பினாங்கிலிருந்து ஒரு வார்த்தை. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனே கலவரக்காடானது. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனர் இரகசியச் சங்கமும் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும், எதிர்ப்பக்கம் அதேபோல் தோ பே கோங்கும் செங்கொடியும். கொடிச் சங்கங்களில் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1869-இல் பதிவுச் சட்டம், 1890-இல் முழுத் தடை. அப்படியும் வேர் அறவில்லை, ஏனென்றால் வந்திறங்கியவனுக்கு வேலை, படுக்க இடம், செத்தால் அடக்கம் என்று எல்லாம் அந்தச் சங்கங்கள்தான் பார்த்தன.

தோட்டங்களை விற்று வீடமைப்பாக்கியபோது நம் குடும்பங்களுக்கு வீடு, கோயில், பள்ளி, மருந்தகம் ஒன்றாகப் போயின. அந்த வெற்றிடத்தில்தான் கும்பல் வந்து உட்கார்ந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் உறுமி மேளத்துக்கும் முதலில் காசு நீட்டுவது யார் என்று உங்கள் அடுக்குமாடியில் பாருங்கள்.

அதை நீங்கள் செய்யலாம். 200 வீடு, மாதம் 5 வெள்ளி என்றால் மாதம் 1,000 வெள்ளி மரண சகாய நிதி சேரும். சங்கப் பதிவகத்தில் பதிவான பெயரில் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு வசூலுக்கும் ரசீது. பதிவில்லாமல் வசூலித்தால் உங்கள் மேலேயே சந்தேகம் வரும். திருவிழாச் சட்டை அச்சடிக்கக் கொடுக்கும்முன் முதுகில் என்ன எண், என்ன சின்னம் என்று குழுவில் பாருங்கள்.

செந்தூல்_குடியிருப்பாளர்

மூவருக்கும் நன்றி. இன்னொன்று: ஒரு குடும்பம் ஆலோங்கிடம் (உரிமமில்லா வட்டிக்காரர்) கடன் வாங்கிவிட்டது. அந்தக் கடனைக் காட்டித்தான் மகனைக் கூப்பிடுகிறார்கள்.

கோர்ட்_குமாஸ்தா

கடனையும் மகனையும் தனித்தனியாகப் பிரியுங்கள். உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அடமானம் இருந்தால் 12. அதாவது 1,000 வெள்ளிக்கு ஆண்டு வட்டி 180. வாரம் 10 விழுக்காடு கேட்பவர் அதை இரண்டே வாரத்தில் தாண்டிவிடுகிறார். உரிமம் உண்டா என்று வீடமைப்பு, ஊராட்சி அமைச்சில் சரிபாருங்கள். இல்லையென்றால் குற்றம் அவருடையது: 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதுவரை கட்டியதை நாள், தொகை, கணக்கு எண் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். குரல் செய்திகளை அழிக்க வேண்டாம். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினால் கழுவுவதற்குமுன் படம் எடுத்து, புகார் கொடுத்து, புகார் எண்ணைச் சங்கக் கோப்பிலும் ஒரு பிரதி வையுங்கள். "உன் மகனை அனுப்பு" என்று கேட்ட செய்தி இருந்தால் அதைத் தனிப் புகாராக மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கொடுங்கள். இரகசியக் கும்பல்களைப் பார்க்கும் டி7 பிரிவின் கவனத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.