கிறிஸ்துமஸ் வெளியாளுக்கு என்ன நம்பிக்கை தருது?

கரிசல்காடு:
டிசம்பர் வந்தா ஸ்டார் கட்டுறோம், குடில் வைக்கிறோம், ஆனா இயேசுவோட வம்சாவளி இருக்கிற மத்தேயு முதல் அதிகாரத்த வெறும் பேர் லிஸ்ட்டுன்னு தாண்டிப் போயிடுறோம். அதுல தாமார், ராகாப், ரூத், உரியாவோட மனைவின்னு நாலு பொம்பளைங்க இருக்காங்க. ராகாப் எரிகோவுல விலைமாது, ரூத் மோவாப்காரி. மோவாபியன் பத்தாம் தலைமுறை ஆனாலும் சபைக்குள்ள வரக்கூடாதுன்னு உபாகமம் 23ல இருக்கு, ஆனா அந்த ரூத்தோட கொள்ளுப்பேரன்தான் தாவீது, அந்த வம்சத்துலதான் இயேசு பொறந்தாரு. வெளியாளுக்கு இதவிட என்ன நம்பிக்கை வேணும்? தேவன் விருந்தாளியா கூப்பிடல, குடும்பத்துலயே சேர்த்திருக்காரு.

வேதமாணவன்:
பிரதர், ரூத் சும்மா வந்துடல, உம்முடைய தேவன் என்னுடைய தேவன்னு சொல்லிட்டு வந்தா. ராகாபோட விசுவாசத்த எபிரெயர் 11 பேர் சொல்லியே சொல்லுது. விசுவாசத்த விட்டுட்டு வெளியாள் வெளியாள்னு மட்டும் பேசினா அது சுவிசேஷம் ஆகாது. அப்புறம் இயேசு பொறந்த சேதிய தூதன்கிட்ட கேட்ட மேய்ப்பர்கள் ஒதுக்கப்பட்ட ஜனம்னு வருஷா வருஷம் பிரசங்கத்துல கேக்குறோம், லூக்கா அப்படி எங்கயும் எழுதல, தாவீதே ஆடு மேய்ச்சவன்தான்.

கரிசல்காடு:
மேய்ப்பர விடுங்க, சாஸ்திரிகள பாருங்க. கிழக்கேருந்து நட்சத்திரத்த பாத்துட்டு வந்தவங்க. எருசலேம்ல வேதம் படிச்ச வேதபாரகருக்கு மேசியா பொறக்குற ஊர் பெத்லகேம்னு வசனம் மனப்பாடம், ஏரோது ராஜா கேட்டதும் சொல்லிட்டாங்க, ஆனா அவங்கள்ல ஒருத்தராவது கிளம்பிப் போனதா மத்தேயுல இல்ல. போய் விழுந்து கும்பிட்டது வெளியாளுங்க. வசனம் தெரிஞ்சவன் உள்ள, தெரியாதவன் வெளியன்னு கோடு போட முடியாதுங்க.

கீழத்தெரு:
அண்ணே ரெண்டு பேரும் பெத்லகேம்லயே நிக்கிறீங்க. எங்க ஊர்ல கேரல்ஸ் வரும்போது ட்ரம் சத்தம் எங்க தெருமுனை வரைக்கும் கேக்கும், அங்க லைட்டத் தூக்கிட்டு நிக்கிற பையன் திரும்புவான், கூட்டமும் திரும்பிரும். பிள்ளைங்க புதுத்துணி போட்டு வாசல்ல நிக்கும். நாங்க தலித் ஜனம், ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆச்சு. விசுவாசம் இல்லன்னு எங்கள சொல்ல முடியுமா? கல்லறையும் தனி. குடியரசுத் தலைவரோட 1950 உத்தரவுப்படி கிறிஸ்தவனுக்கு எஸ்சி பட்டியல்ல இடமில்ல, சீக்கியருக்கு 1956லயும் பவுத்தருக்கு 1990லயும் திருத்திக் குடுத்தாங்க, எங்களுக்கு இல்ல. சர்க்கார் கணக்குல நாங்க கிறிஸ்தவங்க, சபைக்குள்ள இன்னும் சாதிக்காரங்க.

வேதமாணவன்:
படிக்கவே வேதனையா இருக்கு தம்பி. ஆனா அது மனுஷன் செய்ற பாவம், கிறிஸ்து பிறப்போட அர்த்தம் அதனால கெட்டுப்போகாது.

கீழத்தெரு:
கெட்டுப்போகலதான், ஆனா எங்க தெருவுக்கு வந்து சேரலயே. எல்லா ஜனத்துக்கும் சந்தோஷம்னுதான தூதன் சொன்னான்? திருநெல்வேலி பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல சுவர் எழுப்பி வச்சிருந்தாங்க, 1910ல இடிச்சாங்க, எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவங்க தோத்தாங்க. யாரோ ஒரு சாமியார் கடப்பாரை எடுக்கச் சொன்னதாலதான் அது நடந்துச்சு, சுவருக்கு ரெண்டு பக்கமும் அதுவரைக்கும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பூசை நடந்துட்டுதான இருந்துச்சு?

கரிசல்காடு:
இத நான் முதல் பதிவுலயே எழுதியிருக்கணும்னு தோணுது, ரூத்த வம்சத்துல வச்சிட்டு ரூத் மாதிரி இருக்கிறவங்கள தெருமுனைல நிறுத்துறோம்.

கீழத்தெரு:
வேதமாணவன் அண்ணே ஒண்ணு கேக்குறேன், உங்க சபைல கேரல்ஸ் ரூட் யார் போடுறா?

வேதமாணவன்:
கமிட்டிதான், நானும் அதுல இருக்கேன். விசுவாசம் பத்தி சொன்னதுல நான் மாறல. எந்தெந்தத் தெரு விட்டுப்போகுதுன்னு ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல கேக்குறேன்.