தொட்டுப் பார்க்கக் கொடுத்தவர்களும் திரையைப் பார்த்துப் படித்தவர்களும்

இலைச்சருகு:

அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா போன்ற இடங்களில் குடும்பத்தோடு கலந்துகொண்ட பயிலரங்குகள், கேட்ட சொற்பொழிவுகள் பற்றி எழுதுங்கள். எது மனத்தில் நின்றது, எது பாதியில் எழுந்து போக வைத்தது, இரண்டையும்.

என்னுடையது, பூங்கா ஒன்றில் நடந்த சயனோடைப் (வெயிலைக் கொண்டு தாளில் நீலப் படம் பதிக்கும் முறை) பயிலரங்கு. இரும்பு உப்புக் கரைசல் பூசி இருட்டில் உலர்த்திய தாளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். உதிர்ந்த இலை, பூக்களை மட்டுமே எடுக்கலாம், பறிக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. இலையைத் தாளின்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகிறது. இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கிறது.

என் மகளுடைய பெரணி இலையின் ஓரங்கள் மங்கலாக விழுந்தன. "ஏன் இப்படி?" என்று கேட்டாள். நடத்தியவர் பதில் சொல்லவில்லை. "இலை தாளோடு ஒட்டிக் கிடந்ததா, தூக்கிக்கொண்டு நின்றதா?" என்று திருப்பிக் கேட்டார். தூக்கி நின்ற ஓரத்தின் அடியில் வெளிச்சம் புகுந்திருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த தாளில் மெல்லிய பூவிதழை வைத்தாள். இதழ் வழியாக ஒளி கசிந்து வெளிர்நீலம் வந்தது. பிறகு இரண்டு இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். அதற்குமேல் அவளைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

வரலாறு கடைசியில்தான் வந்தது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டுப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் நூலாக அதையே கருதுகிறார்கள். ஈரத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் குளக்கரைக்கு ஓடியிருப்பார்கள்.

கடைசி வரிசை:

கொடுத்துவைத்தவர் நீங்கள். நான் போனது ஓர் அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்கள் பற்றிய உரைக்கு. பேச்சாளர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் திரையில் இருந்ததை வரி பிசகாமல் வாசித்தார். நாணயங்கள் அடுத்த அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அங்கே எங்களை அழைத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை! கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி சுற்றி வந்ததும், பார்வையாளர் ஒருவர் எழுந்து தம்முடைய சொற்பொழிவைத் தொடங்கினார். கேள்விக்குறி கடைசிவரை வரவே இல்லை.

கையுறை:

அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

குடும்பப் பயிலரங்குகளில் எங்களுக்குப் பெரிய சவால் குழந்தைகள் அல்ல, பெற்றோர். களிமண் முத்திரை செய்யச் சொன்னால், பிள்ளையின் கையிலிருந்து வாங்கி அப்பா உருட்டுகிறார். "அழகாக வரவேண்டும் அல்லவா?" என்கிறார். யாருக்கு அழகாக? இப்போது பெரியவர்களுக்கும் தனியாகக் களிமண் கொடுத்துவிடுகிறோம். அப்பா தம்முடையதில் மூழ்கிப்போகிறார், பிள்ளை தப்பித்துக்கொள்கிறது.

"தொடாதே" என்ற பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை வெறும் அதட்டலாகச் சொன்னால் எந்தக் குழந்தையும் ஏற்காது. வியர்வையில் இருக்கும் உப்பு உலோகத்தை அரிக்கும். அதைக் காட்ட ஒரு செம்புத் தகட்டின் பாதியைக் கண்ணாடியால் மூடிவிட்டு, மறு பாதியை எல்லோரும் தொடட்டும் என்று விட்டோம். சில மாதங்களில் தொட்ட பக்கத்தில் விரல் தடங்கள் கறுத்து ஊன்றிவிட்டன. அதைப் பார்த்த சிறுவர்கள்தான் இப்போது பெற்றோரைக் கண்காணிக்கிறார்கள். வெளிச்சமும் அப்படித்தான். பழைய துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு என்று வைத்திருப்பதால் அந்த அறைகள் மங்கலாக இருக்கின்றன. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. ஒளியால் ஒருமுறை வெளுத்த சாயம் திரும்பாது.

கடைசி வரிசை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அசல் பொருளைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாதுதான். அதற்காகத்தான் கையாளுவதற்கென்றே நகல்களையும், உடைந்த மாதிரிகளையும் பல இடங்களில் தனியாக வைத்திருக்கிறார்கள். நாணய உரைக்கு ஒரு வார்ப்பு நகலைக் கைமாற்றிச் சுற்றவிட்டிருக்கலாம்.

கடைசி வரிசை:

அதோடு உட்கார ஒரு முக்காலி. காட்சிக்கூடத்தில் நின்றபடி கேட்கும் உரைகளில் எனக்கு இடுப்பு போய்விடுகிறது.

கையுறை:

பழைய புகார்தான்! 1916லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தே காட்டினார். மடக்கு முக்காலி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்பவர்கள்தான் குறைவு.

மாலை நடை:

என் அனுபவம் தோட்டத்தில் வழிகாட்டியோடு நடந்த மர உலா. குழுவில் என் அம்மாவும் அண்ணன் மகனும் இருந்தார்கள். அத்தி மரத்தடியில் நின்றதும் அம்மா, "இது பூத்து யாரும் பார்த்ததில்லை" என்றார். வழிகாட்டி மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த ஒரு பிஞ்சை எடுத்துப் பேனாக்கத்தியால் இரண்டாகப் பிளந்து நீட்டினார். உள்சுவர் முழுக்கப் பொடிப் பூக்கள். காய் என்று நாம் நினைப்பது உள்ளே மடிந்த பூங்கொத்தாம்.

காயின் நுனித் துளை வழியாகப் பொடிப் பெண் குளவி ஒன்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அப்போது பெரும்பாலும் சிறகு ஒடிந்துபோகிறது. சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களுக்குக் கொடுத்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. அங்கே பிறக்கும் ஆண் குளவிகளுக்குச் சிறகே கிடையாது. இணைந்த பிறகு, பெண்கள் வெளியேற அவை சுரங்கம் குடைந்து கொடுக்கின்றன.

"அப்படியென்றால் நாம் சாப்பிடும் பழத்தில் செத்த குளவி இருக்குமா?" என்று பையன் முகத்தைச் சுளித்தான். சாகுபடி செய்யும் பல வகைகள் குளவியே இல்லாமல் பழுக்கும், குளவி நுழையும் வகைகளில் காயின் நொதிகள் அதன் உடலைச் சிதைத்துவிடும் என்றார் வழிகாட்டி. "இதில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே" என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார்.

கண்ணாடி முதலில் அம்மாவிடம் போனது. வரிசையில் மற்றவர்கள் நிற்கிறார்கள் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை. பையன் வீடு வரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தான்.