அப்பா கடை மெஷின்: வாடகைக்கா, விலைக்கா?

நான், மாலை 6:40
அப்பா கடையின் நகல் மெஷின் நேற்று நின்றே போய்விட்டது. டிரம்மையும் பியூசரையும் மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஒன்பது வருடம் ஓடிய மெஷினுக்கு அவ்வளவு செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. புதியதை விலைக்கு வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்பதைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

பெரிய அண்ணன், 6:52
வாடகைதான் நல்லது. வாடகை முழுவதையும் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்று விற்பனையாளர் என்னிடமும் சொன்னார்.

மார்த்தாண்டம் அக்கா, 6:54
எவ்வளவு கேட்கிறார்கள்?

நான், 7:15
அக்கா, விலைக்கு என்றால் 1,40,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,65,200 ஆகிறது. வாடகைக்கு என்றால் மாதம் 5,500, ஜிஎஸ்டியோடு 6,490. மூன்று வருடத்துக்கு 2,33,640. வாடகையில் டோனர், டிரம், மெக்கானிக் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதம் 8,000 நகல் வரை எடுக்கலாம், அதற்கு மேல் நகலுக்கு 45 பைசா. சொந்த மெஷின் என்றால் டோனருக்கும் பராமரிப்புக்கும் நகலுக்கு 35 பைசா ஆகும் என்பது என் கணக்கு.

மாதம் 8,000 நகல் ஓடினால் சொந்த மெஷினுக்கு மூன்று வருடத்தில் 2,66,000 ஆகிவிடும், வாடகையே லாபம். ஆனால் மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து நான் நோட்டில் எழுதி வைத்திருப்பது வேறு: பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஜூனில் 11,240, டிசம்பரில் 4,310, சராசரி 5,500 நகல். அந்தச் சராசரிக்குச் சொந்த மெஷினின் செலவு 2,34,500. வாடகைக்கும் அதற்கும் 860 ரூபாய்தான் வித்தியாசம். வாடகையில் ஜூன் மாதக் கூடுதல் நகலுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. சொந்தம் என்றால் மூன்று வருடம் கழித்து மெஷின் நம்மிடம் நிற்கும்.

குவைத் தம்பி, 7:21
நான் ஒரு லட்சம் அனுப்புகிறேன், அக்கா.

பெரிய அண்ணன், 7:24
வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

நான், 7:38
அண்ணா, அந்தச் சலுகை நமக்குப் பொருந்தாது. வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் முறையில்தான் நான் கணக்குத் தாக்கல் செய்கிறேன். அந்த முறையில் வாடகையையும் கழிக்க முடியாது, தேய்மானத்தையும் தனியாகக் கழிக்க முடியாது. நம் வரவு 20 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவும் எடுக்கவில்லை. ஆகவே கட்டிய 18 சதவீதம் எந்த வழியிலும் திரும்பி வராது. பெரிய அலுவலகங்களுக்குச் சரியான பேச்சை அவர் நமக்கும் சொல்லியிருக்கிறார்.

பெரிய அண்ணன், 7:41
பழைய மெஷினை வாங்கச் சொன்னது நான்தான் என்பதை நீ மறக்கவில்லை என்று தெரிகிறது.

நான், 7:43
அது ஒன்பது வருடம் நமக்குச் சோறு போட்டது, அண்ணா. நான் அதைக் குறை சொல்லவில்லை.

தக்கலை சித்தப்பா, 7:50
கடையின் முதல் மெஷினுக்கு மூத்தவளின் வளையலை அண்ணன் அடகு வைத்தார். அந்த நாளில் வாடகைக்கு யார் தந்தார்கள்?

மார்த்தாண்டம் அக்கா, 7:52
அந்த வளையல் திரும்பி வரவே இல்லை, சித்தப்பா. இந்த முறை நகையை யாரும் தொட வேண்டாம்.

மைனி, 7:58
அத்தை கேட்கிறார்கள்: சிறிய மெஷின் போதாதா? செலவு குறையுமே.

நான், 8:10
போதாது, மைனி. திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரங்களும் நில வரைபடங்களும் நம்மிடம் நிறைய வருகின்றன. அவற்றை மடக்காமல் கண்ணாடியில் விரிக்க ஏ3 மெஷின் வேண்டும். நேற்றுகூட ஒரு பெரியவர் 1956-க்கு முந்தைய பத்திரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்த அந்தத் தாளைத் தொடவே கை நடுங்கியது; நகல் எடுக்க முடியாமல் அவரைத் திருப்பி அனுப்பியது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

என்னைத் தயங்க வைப்பது இன்னொன்று. வாடகை ஒப்பந்தம் 36 மாதத்துக்கு. இடையில் நிறுத்தினால் மீதி வாடகையில் பாதியைக் கட்ட வேண்டும். கடைக் கட்டடத்துக்கோ நாம் வழக்கம்போல 11 மாத ஒப்பந்தம்தான் எழுதியிருக்கிறோம். கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். கடை இல்லாத நாளிலும் மெஷினுக்கு வாடகை கட்டும் நிலை நமக்கு வரக் கூடாது. சொந்த மெஷின் என்றால் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

குவைத் தம்பி, 8:14
அப்படியானால் வாங்கிவிடுங்கள்.

பெரிய அண்ணன், 8:20
அவசரப்பட வேண்டாம். 12 மாத ஒப்பந்தத்துக்கு அவர்கள் சம்மதிப்பார்களா என்று நாளை நாகர்கோவிலில் நேரில் கேட்கிறேன். அதுவரை யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் அக்கா, 8:22
எனக்கு இந்த மாதம் சீட்டு விழுந்தால் 30,000 தருகிறேன். விழுமா என்று தெரியாது.

நான், 8:31
முன்பணம் கொடுக்கவில்லை, அண்ணா. 12 மாதத்துக்குச் சம்மதித்தால், கட்டடத்தின் நிலை தெரியும்வரை வாடகைக்கு எடுக்க நானும் உடன்படுகிறேன். எதுவானாலும் மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆடிச் சாரலில் தாள் ஈரம் இழுத்து மெஷினில் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி மழையிலும் அப்படித்தான்.

தக்கலை சித்தப்பா, 8:36
பேப்பர் அலமாரிக்குள் அண்ணன் எரியவிட்ட 40 வாட் பல்பு இப்போதும் எரிகிறதா?

நான், 8:37
எரிகிறது, சித்தப்பா. போன வாரம்தான் புதியது மாட்டினேன்.