புதுப்பிப்பு: முதியோர் இல்லத்தில் மின்னணு மருந்துப் பதிவேடு – தாளில் எழுதும் பழக்கம் நின்றது

நியூஜெர்சியில் நான் பணிபுரியும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில், மின்னணு மருந்துப் பதிவேடு (யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதை உடனுக்குடன் குறிக்கும் செயலி) வந்த பிறகும் செவிலியர்கள் துண்டுத் தாளில் குறித்துவைத்து, பணிநேர முடிவில் மொத்தமாகப் பதிவேற்றுவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலரும் சொன்ன மறுபயிற்சியால் பயனில்லை. மருந்து வண்டியோடு ஒரு சுற்று நடந்து பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. இரும்புத் தீத்தடுப்புக் கதவைத் தாண்டியதும் வைஃபை அறுந்து, செயலி மறுபடியும் கடவுச்சொல் கேட்பதையும், ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக நின்ற செவிலியர் பெருமூச்சோடு தாளை எடுப்பதையும் நேரில் கண்டேன். கதவுக்கு அப்பால் கூடுதலாக ஒரு வைஃபை கருவி பொருத்திய பின் தாள்கள் காணாமல் போயின. செலவு இல்லத்தினுடையதே, மின்னணு மருத்துவப் பதிவேடுகளை ஊக்குவிக்க அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வந்த ஹைடெக் சட்டத்தின் ஊக்கத்தொகை மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் கிடைத்ததே தவிர, முதியோர் இல்லங்கள் அதில் சேர்க்கப்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: தாளில் எப்போதும் இரவு 8 மணி என்றிருந்த மருந்துகள் சில உண்மையில் 9.30க்குத்தான் கொடுக்கப்படுவது இப்போது தெரியவந்தது. இதற்கு மென்பொருள் காரணமன்று, ஒரே செவிலியருக்கு அறைகள் மிக அதிகம். சுற்றை இரண்டாகப் பிரிக்குமாறு கேட்டிருக்கிறோம்.